மூக்கில் நடந்த வைரம்

"டாக்டர், வைரத்துக்குக் கால் உண்டுமா?"

கிள்ளிப்பாலம் சிக்னலில் கார் நின்றபோது ரத்னாபாய் இப்படிக் கேட்டாள். கேட்டவள் லேசுப்பட்டவள் அல்ல. நாகர்கோவில்காரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைத் துருவித் துருவியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது கரமனையில் ஒரு மாடி அறை பிடித்துச் சொந்தமாகத் துப்பறிகிறவள். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டாள் என்றால், பதில் ஏற்கெனவே அவள் கைப்பைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த டாக்டர் பத்மஜாவுக்கு அந்த விவரம் தெரியாது. "வைரத்துக்கு எப்படிக் கால் இருக்கும்?" என்று கேட்டுவைத்தாள்.

"கால் இல்லாமலா டாக்டரே, ஆபரேஷன் தியேட்டரை விட்டு ஓடிப்போச்சு?" என்றான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கிரீஷ். ரத்னாபாயின் உதவியாளன். முன்பு மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவன். வயது நாற்பதைத் தாண்டியும் வாய் மட்டும் இன்னும் காலேஜ் மதில்மேல் உட்கார்ந்திருந்தது.

பத்மஜா சிரிக்கவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கும் டாக்டர் அவள். போன மாதம் ஒரு மத்தியானம் ஸ்ரீவராகத்திலிருந்து ஸ்ரீப்ரியா என்ற நிறைமாதக் கர்ப்பிணியைக் கொண்டுவந்தார்கள். வயிற்றுக்குள் குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ய நேரமில்லை. முழு மயக்கம்தான், உடனே ஆபரேஷன்தான். பெண்ணின் இடது மூக்கில் கல் பளிச்சென்று மின்னியது. அந்த நேரத்தில் யார் திருகைத் தேடிக் கழற்றிக்கொண்டிருப்பது? பத்மஜாவே அதன்மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரியை ஒட்டினாள். குழந்தை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். ஆனால் வெளியே கொண்டுவந்தபோது பிளாஸ்திரியும் இல்லை, மூக்குத்தியும் இல்லை.

மாமியார் விஜயம் ஆஸ்பத்திரியை ஒரு வழி பண்ணிவிட்டாள். விசாரணை வைத்தார்கள். 'நோயாளியின் முகத்துக்குப் பக்கத்தில் யார் கை இருந்தது?' என்று பத்மஜாவிடம் கேட்டார்கள். 'சுடலைமாடத்தி சிஸ்டரோட கை' என்று அவள் சொன்னாள். சொன்னது உண்மைதான். அந்த உண்மையை வைத்தே தியேட்டர் நர்ஸ் சுடலைமாடத்தியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நாளைக் காலை கமிட்டி கூடுகிறது. அதற்குள் மூக்குத்தி கிடைக்காவிட்டால் வேலை போய்விடும், புகார் போலீசுக்குப் போய்விடும்.

அந்தக் கை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பத்மஜாவும் சொல்லவில்லை. சுடலைமாடத்தி மட்டும் விசாரணை அறையை விட்டுப் போகும்போது நின்று, "எங் கை எங்க இருந்துச்சுன்னு டாக்டருக்குத் தெரியும்" என்றாள். அன்றிலிருந்து பத்மஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ரத்னாபாயைத் தேடிப் போய், எப்படியாவது அந்த மூக்குத்தியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

முன் சீட்டிலிருந்து ரத்னாபாய் தன் போனைப் பின்னால் நீட்டினாள். "பொண்ணோட வீட்டுக்காரர் வெங்கிடேஷ் அனுப்பின படங்க. சீமந்தத்துல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் வரைக்கும் எடுத்தது. மூக்கை மட்டும் பாருங்க."

பத்மஜா பார்த்தாள். சீமந்தப் படத்தில் கல் மூக்கு மடலின் நடுவில் இருந்தது. கடற்கரையில் எடுத்த படத்தில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. சோபாவில் சாய்ந்து மாம்பழம் தின்னும் படத்தில் இறங்கி மூக்கு நுனிப் பக்கம் வந்துவிட்டது.

"படத்துக்குப் படம் எடம் மாறுதுல்லா? துளையில திருகி வச்ச வைரம் எப்படி நடக்கும்?" என்றாள் ரத்னாபாய்.

"காலம்பற வாக்கிங் போறவங்ககூட மியூசியம் மைதானத்துல கொண்டுவிட்டா ரெண்டு ரவுண்டு வரும் கேட்டோ" என்றான் கிரீஷ்.

"கர்ப்பத்தோட கடைசியில உடம்பு நீர் கோத்துக்கும்" என்றாள் பத்மஜா. "மூக்கு, தொண்டை எல்லாம் வீங்கும். அதனால படத்துல தள்ளித் தெரியலாம்."

"தொண்டையும் வீங்குமா?"

"வீங்கும்."

"அப்போ மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போடுகது செரமமா இருக்குமே. அன்னைக்கு எப்படி இருந்துது?"

சிக்னல் பச்சைக்கு மாறியது. "வழக்கம்போலத்தான்" என்றாள் பத்மஜா.

ரத்னாபாய் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கிரீஷ்தான் கியரைப் போட்டபடி, "ரெப்பா இருந்தப்ப டாக்டர்மார் பேசினதைவிட பேசாம இருந்ததைத்தான் நான் நிறைய கேட்டிருக்கேன்" என்றான். அவன் எதை நினைத்துச் சொன்னானோ, பத்மஜா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் சொன்னது பச்சைப் பொய். அன்றைக்கு முதல் தடவை டியூப் உள்ளே போகவே இல்லை. கர்ப்பிணியின் வயிறு நிறைந்த வயிறு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். மயங்கியபின் உள்ளே இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் ஆள் போய்விடும். அதனால் மயக்கமருந்து ஏறும்போதே ஒருவர் தொண்டைக் குருத்தெலும்பை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். டியூப் உள்ளே போய் நிலைத்தபிறகுதான் கையை எடுக்கலாம். பிடித்திருந்தவள் சுடலைமாடத்தி. பத்மஜா வழக்கமான அளவு டியூபை எடுத்தாள். வீங்கிய தொண்டைக்குச் சின்ன டியூபைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் நடத்துகிறவளே அவள்தான். டியூப் இடித்தது. வழி தெரியவில்லை. ஆக்ஸிஜன் இறங்க இறங்க மானிட்டரின் சத்தம் கம்மிக்கொண்டே போனது. டியூபை உருவிவிட்டு, மாஸ்க்கை மூக்கோடு சேர்த்து இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து அமுக்கி ஆக்ஸிஜன் கொடுத்தாள். பிறகு "சின்னது, சின்னது" என்று கத்தினாள். சுடலைமாடத்தியின் இடது கை அதை எடுத்து நீட்டியது. வலது கை தொண்டையை விட்டு நகரவே இல்லை.

மற்றவர்கள் எல்லாம் வயிற்றுப் பக்கம், குழந்தையைப் பற்றிய பதற்றத்தில் இருந்தார்கள். தலைமாட்டில் நடந்தது அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். இதை விசாரணையில் சொல்லியிருந்தால் சுடலைமாடத்தி மேல் பழி வந்திருக்காது. ஆனால் முதல் தடவை தோற்றதும் சேர்ந்து வெளியே வந்திருக்கும். கை தவறாத டாக்டர் என்று பத்மஜா எடுத்த பெயர் ஒன்று இருந்தது. அவள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டாள்.

ஸ்ரீவராகத்தில் தெப்பக்குளத்தை ஒட்டிய தெருவில் வண்டி நின்றது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. வறட்டு இருமல், விட்டு விட்டு.

"வாங்கோ டாக்டர், வாங்கோ" என்று விஜயம் மாமி ஓடிவந்தாள். கெட்டிக்கரைப் புடவை, நெற்றி நிறையக் குங்குமம். "நீங்க இல்லேன்னா எனக்கு மாட்டுப்பொண்ணும் இல்லை, பேரனும் இல்லை. அந்தத் திருடியைப் பிடிச்சுக் கொடுக்கறதுக்கும் நீங்களே மெனக்கெட்டு ஆளை அழைச்சிண்டு வந்திருக்கேள். உங்க மனசு யாருக்கு வரும்?"

பத்மஜாவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

ரத்னாபாய் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி, தப்பா நெனைக்காதீங்க. உங்க மூக்குல என்னது அது?"

மாமியின் இடது மூக்கில் பழுப்பாக ஒரு புள்ளி. மாமி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஈர்க்குச்சி. தென்னந்துடப்பத்துலேர்ந்து நறுக்கினது. காணாமப்போனது என்னோட மூக்குத்திதான் கேட்டேளா. அம்மா இல்லாத பொண்ணு அவ. கல்யாணத்தன்னிக்கு எம் மூக்கிலேர்ந்து கழட்டி நானே அவ மூக்குல போட்டேன். அதுக்கப்புறம் எனக்குச் சின்னதா ஒண்ணு வாங்கிப் போட்டுண்டேன். இது தொலைஞ்சதும், அவ மூளியா இருக்கறச்சே எனக்கு என்னத்துக்குன்னு அதையும் கழட்டிட்டேன். துளை தூந்துடப்படாதோன்னோ, அதான் குச்சி. கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு மூக்கு குத்தினப்பவும் நான்தான் இப்படிப் போட்டுவிட்டேன்."

"நல்ல யோசனை" என்றாள் ரத்னாபாய். அவள் கண் ஒரு தடவை சுருங்கி விரிந்ததை கிரீஷ் கவனித்தான். உடனே எழுந்து நின்று, "மாமி, வாசல் வரைக்கும் டிகாஷன் வாசனை வருது. எங்க ஆபீஸ் காபியைக் குடிச்சா குத்தவாளி தானாவே ஒத்துக்குவான், அத்தனை கொடுமை. எப்படிப் போடறேள்னு எனக்குக் காட்டித் தரணும்" என்று மாமியை அடுக்களைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

உள் அறையில் ஸ்ரீப்ரியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தை தூங்கியது. சின்னப் பெண், முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பத்மஜாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய் மறுபடி இருமினாள்.

"எப்போலேருந்து இருமல்?" என்று பத்மஜா கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதிலேர்ந்தே. எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லேன்னுட்டா. மயக்கத்துக்குக் குழாய் போட்டதுல தொண்டை புண்ணாயிருக்கும், போகப்போகச் சரியாகும்னா. ராத்திரி ஜுரம் வேற வர்றது."

அந்த முதல் டியூப் இடித்த இடம் பத்மஜாவின் கண்முன் வந்துபோனது. இந்த இருமலும் என் கணக்கில்தானா என்று நினைத்தாள்.

ரத்னாபாய் அதையெல்லாம் காதில் வாங்காதவள்போல அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லா வீட்டுக் கண்ணாடியையும் போல அதன் ஓரத்திலும் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. சிவப்பு, மெரூன், கறுப்பு. கீழ் மூலையில் மிளகைவிடச் சின்னதாக ஒற்றை வெள்ளைக் கல் பொட்டு. அவள் அதை நகத்தால் பெயர்த்தாள். தன் இடது மூக்கில் ஒட்டிக்கொண்டாள். திரும்பினாள்.

"டாக்டர், எப்படி இருக்கு?"

ஜன்னல் வெளிச்சம் பட்டு ரத்னாபாயின் மூக்கில் கல் பளிச்சென்று மின்னியது. அன்றைக்குத் தியேட்டர் விளக்கில் பத்மஜா பார்த்தது இதேதான்.

ஸ்ரீப்ரியாவின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் போய்விட்டது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கோ" என்று ரத்னாபாயிடம் கெஞ்சினாள். மாமியாரை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"நான் சொல்லலே. நீயே சொல்லு மக்கா. மொதல்ல எங்ககிட்ட."

அழுகையும் இருமலுமாகக் கதை வெளியே வந்தது. கடைசி மாதத்தில் மூக்கு வீங்கியது. மூக்குத்தி சதைக்குள் புதைந்து சீழ் வைத்தது. ஒரு நாள் வலி பொறுக்க முடியாமல் கழற்றிவிட்டாள். மாமியார் ஆசையாகத் தன் மூக்கிலிருந்து எடுத்துப் போட்டதை, வயிற்றில் பிள்ளையோடு கழற்றினேன் என்று எந்த வாயால் சொல்வது? மேலே ஒரு கல் பொட்டை ஒட்டிக்கொண்டாள். குளித்தால் விழும்; மறுபடி ஒட்டுவாள். ஒட்டின இடமெல்லாம் ஒரே இடமாக இருக்குமா? பிள்ளை பிறந்து வீக்கம் வடிந்ததும் யாருக்கும் தெரியாமல் மூக்குத்தியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

"வைரம் எங்கே?"

"என் குங்குமச்சிமிழ்ல. குங்குமத்துக்கு அடியில." அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு நல்லா நினைவு வர்றதுக்குள்ள அம்மா எல்லார் முன்னாடியும் திருடின்னு சொல்லிட்டா. இன்னிக்குச் சொல்லிடணும், நாளைக்குச் சொல்லிடணும்னு பாக்கறேன், வாய் வரமாட்டேங்கறது. அந்த சிஸ்டர் போறதுக்கு முன்னாடி வந்து கொழந்தையைத் தூக்கிப் பாத்துட்டுப் போனா. நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிண்டேன். இந்த இருமல் அதுக்குத்தான் எனக்கு வந்திருக்கு."

பத்மஜாவுக்கு அவளைத் திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் இவள் கண்ணை மூடிக்கொண்டாள், நான் வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதானே வித்தியாசம் என்று மனசு குத்திக் காட்டியது.

காபித் தம்ளரோடு கிரீஷ் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். ரத்னாபாயின் மூக்கைப் பார்த்தான். "மேடம், கல்யாண ஆலோசனைக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுக்கட்டா? கேஸ்தான் முடிஞ்சாச்சே."

"எங்க முடிஞ்சுது?" என்று ரத்னாபாய் பொட்டைப் பிய்த்து எறிந்தாள். "ஸ்ரீப்ரியா, நீ துளையைச் சும்மாவா விட்டே? தூந்துபோகாதா?"

"சீழ் வடிஞ்சதும் ஈர்க்குச்சி வச்சேன், அம்மா வைக்கற மாதிரி. வெளியில தெரியாம மட்டமா நறுக்கி, அதை ஒட்டித்தான் பொட்டு."

"ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் குச்சி இருந்துதா?"

"இருந்தது."

"வந்தப்போ?"

ஸ்ரீப்ரியா விரலால் மூக்கைத் தொட்டாள். அவள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. பதில் சொல்லுமுன் இருமல் முந்திக்கொண்டது.

அந்த இருமலைக் கேட்டதும் பத்மஜாவுக்கு எல்லாம் கோத்து வந்தது. வியர்வையில் வழன்ற பிளாஸ்திரி மாஸ்க்கில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், பொட்டும் அதோடு போயிருக்கும். அந்த மாஸ்க்கை மூக்கோடு வைத்து முழுப் பலத்தோடு அமுக்கியது யார்? மட்டமாக நறுக்கிய குச்சிக்கு வெளியே வர வழியில்லை. உள்ளேதான் போயிருக்கும். மல்லாந்து கிடந்தவளின் மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி, டியூபை எடுத்ததும் அவள் இழுத்த முதல் மூச்சோடு...

அவள் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். "நல்லா மூச்சு இழும்மா." இடது பக்கம் காற்று தாராளமாகப் போய் வந்தது. வலது பக்கம் கீழே வைத்தாள். காற்று போகவில்லை. மெல்லிய விசில் சத்தம் மட்டும் கேட்டது.

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்லேன்னாங்களே?" என்றான் கிரீஷ். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

"திருகாணின்னா எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியும். தென்னை ஈர்க்குச்சி தெரியாது." பத்மஜா எழுந்துவிட்டாள். "உடனே மெடிக்கல் காலேஜுக்குப் போகணும். நுரையீரல் பழுத்தா ஆபத்து."

எல்லோருக்கும் காபியோடு வந்த விஜயம் மாமியிடம் ஸ்ரீப்ரியாவே சொன்னாள். குங்குமச்சிமிழைத் திறந்து, சிவப்புக்குள் விரலை விட்டு, வைரத்தை எடுத்து நீட்டியபடி சொன்னாள். மாமி தட்டைக் கீழே வைத்தாள். "அசடே, வலிக்கறதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள். வைரத்தை அவள் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

மெடிக்கல் காலேஜில் பத்மஜா முன்பே போன் பண்ணியிருந்ததால் தாமதமில்லை. இருமலில் ஸ்ரீப்ரியா காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாததும் மயக்கம் கொடுக்க நல்லதாகப் போயிற்று. முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. வெங்கிடேஷ் ஆபீசிலிருந்து ஓடிவந்து மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருந்தான்.

வராந்தா பெஞ்சில் விஜயம் மாமி குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் சொன்னாள்: "இருந்தாலும் அந்த நர்ஸை நான் நம்பமாட்டேன். பொட்டுன்னு அவளுக்குத் தெரியுமா? வைரம்னு நெனச்சுண்டுதான் எடுத்திருப்பா. இல்லேன்னா பிளாஸ்திரியோட எங்க போகும்? கமிட்டியிலயும் அதைத்தான் சொல்லப் போறேன்."

பத்மஜா திடுக்கிட்டு ரத்னாபாயைப் பார்த்தாள். நீங்களே ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சிய பார்வை அது. ரத்னாபாய் அவளை வராந்தாக் கோடிக்கு அழைத்துப் போனாள்.

"வைரம் கிடைச்சாச்சு டாக்டர். நீங்க கேட்ட காரியம் முடிஞ்சுது. கிடைச்சா கமிட்டியில நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்னுதானே எங்கிட்ட வந்தீங்க?"

பத்மஜாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நேத்து நீங்க போனதும் நான் சுடலைமாடத்தியைப் போய்ப் பாத்தேன். அவ உங்களைப் பத்தி ஒரு குத்தம் சொல்லலே. எங் கை எங்க இருந்துச்சுன்னு டாக்டருக்குத் தெரியும்னு மட்டும் சொன்னா. எனக்கு அது தெரியாது. அதைக் கண்டுபிடிக்க என்னால ஆகாது. அது உங்ககிட்டதான் இருக்கு."

தியேட்டர் கதவு திறந்தது. பச்சை உடையில் ஒருவர் தலையை நீட்டினார். மயக்கம் கொடுக்கும் டாக்டர் உமாசங்கர். "டாக்டர் பத்மஜா, சிசேரியனுக்கு நீங்கதானே மயக்கம் கொடுத்தது? உங்க குறிப்புல விசேஷமா ஒண்ணுமில்லே. டியூப் ஈசியா போச்சில்லே?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் போதும், அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒன்றும் தெரியாமல் அதே தொண்டைக்கு முன்னால் போய் நிற்பார். பெஞ்சில் குழந்தை சிணுங்கியது.

"இல்லை" என்றாள் பத்மஜா. "முதல் தடவை எனக்கு வழி கிடைக்கலை. ஒண்ணுமே தெரியலை. ஆக்ஸிஜன் இறங்கிடுச்சு. ரெண்டாவது தடவை சின்ன டியூப் வச்சுத்தான் போச்சு. நான் எழுதலை. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை."

உமாசங்கர் அவளை ஒரு கணம் பார்த்தார். "இப்ப வீக்கம் குறைஞ்சிருக்கும். எதுக்கும் சின்னதெல்லாம் எடுத்து வச்சுக்கறேன். கேமரா வச்சுப் பாத்தே போடறேன்" என்றார். கதவு மூடியது. அவர் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதற்குள் கறுத்து ஊறிப்போன ஈர்க்குச்சித் துண்டு, ஒரு அரிசி நீளம். "பேஷண்ட் நல்லா இருக்காங்க. நீங்க சொன்னது நல்லதாச்சு. தொண்டை இன்னமும் குறுகலாத்தான் இருந்துது" என்றார்.

கிரீஷ் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "வைரத்தைத் தேடி வந்து துடப்பத்தைக் கண்டுபிடிச்ச முதல் கம்பெனி நம்மளோடதுதான் மேடம்" என்றான். மாமிகூட அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

பத்மஜா சுவரோரம் ஒதுங்கிப் போனை எடுத்தாள். இத்தனை நாள் கூப்பிடக் கை வராத எண். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் சுடலைமாடத்தி.

"சிஸ்டர், பத்மஜா பேசறேன். மூக்குத்தி கிடைச்சிடுச்சு. அவங்க வீட்டிலேயே இருந்தது. அன்னைக்கு முதல் தடவை எனக்குத் தவறினதை இங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உங்க கை எங்க இருந்ததுன்னு..."

"அந்தப் பிள்ளை சொகமா இருக்கா?" என்று குறுக்கிட்டாள் சுடலைமாடத்தி.

"இருக்கா."

"நல்லது. ஆனா டாக்டர், என்னைத் திருடின்னு சொன்னது நீங்க போய்ச் சொன்ன அந்த டாக்டர் இல்லியே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பத்மஜாவுக்குத் தாங்கவில்லை. அவள் போனை அணைக்காமலே பெஞ்சுக்கு வந்து, விஜயம் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைச் சத்தமாக ஒலிக்கும்படி வைத்து நடுவில் வைத்தாள். மாமியின் வலது கையைப் பிடித்துத் தன் தொண்டையில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, அவளுடைய விரல்களை வைத்துக்கொண்டாள்.

"மாமி, இங்க கெட்டியா எலும்பு தட்டுப்படுதா? உங்க மருமகளுக்கு மயக்கம் கொடுத்தப்ப இந்த இடத்தை ஒருத்தர் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். கையை எடுத்தா, வயத்துல இருக்கறது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். அப்படி ஆகியிருந்தா அவ இன்னைக்கு இல்லை. நான் முதல் தடவை தப்புப் பண்ணினேன். ரெண்டாவது தடவை டியூப் போய் நிக்கற வரைக்கும் சுடலைமாடத்தி சிஸ்டரோட கை இங்கதான் இருந்தது. எங்கயும் போகலை."

மாமி விரலை எடுக்கவில்லை. "இன்னொரு கை?" என்றாள்.

"இன்னொரு கையில எனக்கு டியூப் எடுத்துக் கொடுத்தாங்க. உங்க மருமகளோட உயிர் போனது அது வழியாத்தான். ஐயோ, இல்லை. திரும்பி வந்தது அது வழியாத்தான்." பத்மஜா அழ ஆரம்பித்திருந்தாள். "இதை விசாரணையில நான் சொல்லியிருக்கணும் மாமி. என் பேருக்குப் பயந்து சொல்லலை. மாஸ்க்கை மூக்கோட அமுக்கிப் பிளாஸ்திரியைப் போக்கினது நான். அந்தக் குச்சியை உள்ள தள்ளினதும் எங் கைதான். நாளைக்குக் கமிட்டியில நானே சொல்றேன்."

கிரீஷ் டப்பாவை மூடி ரத்னாபாயிடம் கொடுத்தான்.

விஜயம் மாமி கையை மெதுவாக எடுத்தாள். பேரனை ரத்னாபாய் மடியில் விட்டாள். பெஞ்சிலிருந்த போனை இரண்டு கையாலும் எடுத்து வாய்க்கருகில் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், நான் ஸ்ரீவராகத்து விஜயம்" என்றாள். "உங்களைத் திருடின்னு சொன்னவ."

"கேக்குது, சொல்லுங்கம்மா" என்றது போன்.